பழையாற்றில் பறவை பார்க்க: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் குளத்துக்குப் போனோம், ஒரு பறவையும் இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் குளம் நிரம்பித் ததும்பும் நேரத்தில் போயிருப்பார்கள். கால் ஊன்றி இரை தேடும் பறவைக்கு அங்கே நிற்க இடம் கிடையாது, நீந்துகிறதும் முங்குகிறதும்தான் இருக்கும்: முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா. அதனால் பறவையின் பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் பழகுங்கள்.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் நல்ல காலம், ஏனென்றால் பிப்ரவரி கடைசியில் அணைத் தண்ணீரை அடைத்ததும் குளங்கள் மெல்ல வற்றி ஓரமெல்லாம் சேறு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, அன்றில், நெடுங்கால் உள்ளான் எல்லாம் அவரவர் கால் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் வந்து நிற்கும்.

தேரூர் குளத்தில் கரையோரச் சம்புப் புல்லையும் தாமரை இலைகளையும் கவனியுங்கள். நீலத் தாழைக்கோழி சம்புக்குள் ஒளிந்து ஒளிந்து வரும், இலைக்கோழி இலை மேலேயே நடக்கும். இந்தச் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. குளத்தை மூடும் ஆகாயத்தாமரைக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மணக்குடி வேறு கணக்கு. பழையாறு கடலில் சேரும் வாயான பொழி மணல் அடைத்துக் கிடந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி உயர்ந்துவிடும், நீங்கள் எந்த நேரம் போனாலும் ஒன்றுதான். பொழி திறந்திருந்தால் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கரையில் மீன்பிடிக்கிறவர்களிடம் "பொழி வெட்டியாச்சா?" என்று கேட்டாலே போதும், எந்த ஆப்பும் அதைவிடச் சரியாகச் சொல்லாது. திட்டு தெரிந்தால் உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் சேற்றில் குறுகுறுவென்று ஓடும், மீசை ஆலா மேலே வட்டமடிக்கும். தண்ணீர் ஏறிவிட்டதா? பக்கத்து உப்பளங்களுக்குப் போங்கள், சேறு இழந்த பறவைகள் அங்கே பாத்திகளில் ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வரப்பை மிதித்து உடைத்துவிடாதீர்கள், ஆள் பாடுபட்டுக் கட்டியது.

மேலே பூதப்பாண்டிப் பக்கம் ஆறு ஒடுக்கம், நிழல் அதிகம். மீன்கொத்தி, தகைவிலான் பார்க்கலாம். வயல் உழுகிற நாளாக இருந்தால் டிராக்டர் பின்னால் கொக்குக் கூட்டம், அவ்வளவுதான்.

எட்டு மடங்கு பைனாகுலர் தாராளம். விடிந்த கையோடு போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், எதிர்வெளிச்சத்தில் எல்லா உள்ளானும் கறுப்புதான். பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடும்போது குறிப்பில் குளம் நிறைந்திருந்ததா, பாதியா, பொழி திறந்ததா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அடுத்த வருடம் எப்போது போகலாம் என்று பார்க்க அந்த வரிதான் உதவும்.