சிங்க் ஆக்சைடு நானோராடு வளர்க்கலாம் வாங்க

நானோராடுன்னா கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன குச்சி மாதிரி படிகம். இத வளர்க்க பெரிய மெஷின்லாம் வேணாம், ஒரு ஹாட் ஏர் அவனும், 350 டிகிரி வரைக்கும் போற ஒரு சின்ன ஃபர்னஸும், மூடி போட்ட கண்ணாடி பாட்டிலும் இருந்தா போதும். முதல்ல கண்ணாடித் துண்ட அசிட்டோன், எத்தனால்ல நல்லா கழுவிடுங்க, சிங்க் அசிடேட்ட எத்தனால்ல கரைச்சு சொட்டு விட்டு காயவச்சு, இதையே நாலஞ்சு தடவ செஞ்சு 350 டிகிரில 20 நிமிஷம் சுடுங்க, இதான் விதை, ராடு இது மேலதான் வளரும்.

அப்புறம் சிங்க் நைட்ரேட்டும் ஹெக்ஸமீனும் (கரைசல மெதுவா காரமாக்குற பொருள்) ஆளுக்கு 25 மில்லிமோலார் (லிட்டருக்கு 25 மில்லிமோல்) வர்ற மாதிரி தண்ணில கலந்து, விதை போட்ட பக்கம் கீழ பாக்குற மாதிரி துண்ட வச்சு 90 டிகிரில 3 மணி நேரம் விட்டுருங்க. நான் மொத தடவ மேல பாக்க வச்சுட்டேன், கரைசல் பால் மாதிரி ஆகி வெள்ளப்பொடி பூரா மேல படிஞ்சு, ராடு எங்கன்னே தெரியல போங்க.

கழுவி காயவச்சதும் 325 நானோமீட்டர் லேசர் அடிச்சு, ராடுல இருந்து வர்ற ஒளிய அலைநீளவாரியா பிரிச்சு ஸ்பெக்ட்ரம் எடுங்க. 380 நானோமீட்டர் பக்கம் ஒல்லியா ஒரு பீக் வரும், அது பேண்ட் கேப் பக்கத்துல இருந்து வர்ற ஒளி (பேண்ட் கேப்னா எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, இங்க 3.37 எலக்ட்ரான் வோல்ட்). 500லருந்து 600 வரைக்கும் அகலமா ஒரு மேடு வந்தா அது டிஃபெக்ட், அதாவது படிகத்துல இருக்குற குறையால வர்ற ஒளி. மேடு ரொம்ப பெருசா இருந்தா சாம்பிள திரும்ப சுட்டு பாருங்க, லேசர குறை சொல்லாதீங்க.