சர்வேயர் கண்ணால் ஒரு சின்ன மியூசியம்

சாக்ரமென்டோ பக்கம் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். சனிக்கிழமை ஆனால் அவன் காரை எடுப்பான். கிழக்கே ஒரு மணி நேரம் போனால் சியரா நெவாடா மலையடிவாரம். 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் தங்கத்தைப் பார்த்தாரே, அந்தப் பூமி. 49ஆம் எண் நெடுஞ்சாலை அதன் ஊடே வளைந்து வளைந்து போகிறது. 1849இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தின் நினைவாகத்தான் அந்த எண். வழியில் கவுண்டிக்கு ஒரு மியூசியமாவது இருக்கும். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நீதிமன்றமோ பழைய ஜெயிலோ, நாலைந்து அறை, மேசையில் சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர். அவ்வளவுதான் மியூசியம்.

முதல் இரண்டு தடவை எல்லாரையும் போல அரை மணியில் சுற்றிவிட்டு வந்தேன். தங்கம் அலசும் தட்டு, பியானோ, கல்யாண கவுன், தையல் மெஷின். மூன்றாவது மியூசியத்திலும் அதே தட்டு, அதே பியானோ. அப்போதுதான் உறைத்தது: முப்பத்து மூன்று வருஷம் சர்வே துறையில் குப்பை கொட்டியவன், பதிவறைக்குள் போய் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அதற்கப்புறம் நான் பார்க்கும் விதம் மாறியது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போன் செய்யுங்கள். பல இடங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும், அதுவும் தன்னார்வலருக்குக் காய்ச்சல் என்றால் பூட்டுதான். போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: பழைய பதிவேடுகளைப் பார்க்க முடியுமா, அதற்கு எந்த நாள் வரவேண்டும்? கண்காட்சி அறை ஒரு நாள், காகித அறை வேறொரு நாள் என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். 'இந்த ஊர் வரலாறு' என்று கேட்டால் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் கேள்வி சின்னது. நெவாடா சிட்டிக்கு அப்பால் ஓர் இடத்தில் மலையை யாரோ கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி செங்குத்தாக, வெறுமையாக நிற்கிறது. அது ஏன்? விடை மியூசியத்து வாசல் புல்தரையிலேயே கிடந்தது, பீரங்கி மாதிரி ஓர் இரும்புக் குழாய். என் பேரன் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அதன் பெயர் மானிட்டர். 1853இல் தொடங்கிய முறை: மேலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து இந்தக் குழாய் வழியாகப் பீய்ச்சி மலையையே கரைத்து, சேற்றிலிருந்து தங்கத்தை எடுப்பது. சேறு முழுக்க ஆற்றில் இறங்கி, கீழே சமவெளி விவசாயிகளின் வயலை மூடியது. வழக்குப் போட்டார்கள். 1884இல் நீதிபதி சாயர், சேற்றை ஆற்றில் விடக்கூடாது என்று தீர்ப்பு எழுதினார். மானிட்டர் புல்தரைக்கு வந்த கதை அதுதான்.

உள்ளே போனதும் விளக்க அட்டையைப் படிக்கும் முன் பொருளைப் பாருங்கள். சில அடையாளங்கள் தெரிந்தால் போதும். ஆணி தட்டையாக, நாலு பட்டையாக, நுனி மொண்ணையாக இருந்தால் தகட்டில் வெட்டியது. உருண்டைக் கம்பி ஆணி என்றால் பெரும்பாலும் 1890களுக்கு இந்தப் பக்கம். கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டில் ஓடும் தையல்கோடு கழுத்தோடு நின்றால் பழசு; வாயின் விளிம்பு வரை ஏறியிருந்தால் மெஷின் வார்த்தது, இருபதாம் நூற்றாண்டு. போட்டோ கருப்புத் தகட்டில் இருந்தால் காந்தம் ஒட்டும், அது இரும்புத் தகடு. (காந்தத்தை நீங்கள் கொண்டுபோய் வைத்துப் பார்க்காதீர்கள், அவர்களைக் கேளுங்கள்.) அட்டைப் போட்டோவின் பின்பக்கம் ஒரு சின்ன வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் கொண்டாட்டம்தான்: உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 முதல் 1866 வரை மட்டும் போட்டோக்களுக்கு வரி போட்டார்கள். ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் வருஷம் கிடைத்துவிடும்.

அடுத்தது, பொருளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் எண். 1978.14.3 என்று வைத்துக்கொள்வோம். 1978ஆம் வருஷம், அந்த வருஷத்தின் பதினான்காவது நன்கொடை, அதில் மூன்றாவது பொருள். நம்ம சர்வே எண், உட்பிரிவு மாதிரியே. எண் இருந்தால் பின்னறையில் ஒரு பேரேடு இருக்கும், பேரேட்டில் கொடுத்தவர் சொன்ன வார்த்தை இருக்கும். அட்டையைப் பின்னால் வந்தவர் எழுதியிருப்பார். பேரேடுதான் தாய்ப்பத்திரம்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். எந்த மியூசியம் என்று வேண்டாம், நல்ல மனிதர்கள். கண்ணாடிப் பெட்டியில் கோடரி, ரம்பம், அவற்றோடு ஒரு சங்கிலி. 'மரம் இழுக்கும் சங்கிலி' என்று அட்டை. நான் கடந்து போய்விட்டு இரண்டடி திரும்பி வந்தேன். மரம் இழுக்கிற சங்கிலி கட்டைவிரல் கனம் இருக்க வேண்டாமா? இது மெல்லிய கம்பி, நீள நீளக் கண்ணிகள், கண்ணிக்குக் கண்ணி குட்டி வளையம். மடிப்புக்குள்ளிருந்து ஒரு பித்தளை வில்லை எட்டிப் பார்த்தது, அதில் ஒற்றைப் பல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெயிலில் நானும் செயின்மேனும் இழுத்த அதே நிலம் அளக்கும் கன்டர் சங்கிலியின் தம்பி! முழுச் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு பல். 80 சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் பழைய புலப்படங்களில் 'லிங்க்ஸ்' என்று போட்டிருப்பதெல்லாம் இந்தக் கண்ணிதான்.

மேசையிலிருந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இது இப்படிச் சொல்லவேண்டிய விஷயம்: 'நீங்கள் எழுதியது தப்பு' என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். 'எங்கள் ஊரில் இதை வைத்து நிலம் அளந்தோம், எண்ணிப் பார்க்கலாமா?' என்றேன். அவர் சாவியை எடுத்து வந்தார். மேசையில் துணி விரித்து இருவரும் எண்ணினோம். 50. பாதிச் சங்கிலி, 33 அடி. மலைச்சரிவில் முழுச் சங்கிலியை மட்டமாகப் பிடிக்க முடியாது, அதனால் பாதி வைத்துக்கொண்டார்கள். அவர் பேரேட்டைப் புரட்டினார். அந்த எண்ணுக்கு நேரே பென்சிலில் ஒரே வரி: கொடுத்தவரின் தாத்தா நிலம் அளப்பவர். அறுபது வருஷம் முன்னால் சரியாக எழுதியதை, இடையில் அட்டை அடித்த யாரோ மரம் வெட்டப் போட்டுவிட்டார்.

காகித அறைக்குப் போனால் பேனாவை வெளியே வையுங்கள், பென்சில்தான். கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். முதலில் 'கிரேட் ரெஜிஸ்டர்' கேளுங்கள். 1866இல் வந்த சட்டப்படி கவுண்டிகள் வைத்த வாக்காளர் பேரேடு. பெயர், வயது, பிறந்த நாடு, தொழில் எல்லாம் இருக்கும். ஒரே பக்கத்தில் அயர்லாந்து, இத்தாலி, இங்கிலாந்து என்று ஊர் விரியும். அதற்கடுத்து சான்போர்ன் வரைபடம். தீவிபத்துக் காப்பீட்டுக்காக ஒரு கம்பெனி போட்டது. 50 அடிக்கு ஓர் அங்குலம், ஒவ்வொரு கட்டடமும் வண்ணத்தோடு: இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். புலப்படம் வரைந்தவன் சொல்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நிறைய ஊர்களின் படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசம். 1890 மக்கள்தொகைக் கணக்கைக் கேட்டு அலையாதீர்கள். 1921இல் வாஷிங்டனில் பற்றிய தீயில் பெரும்பகுதி சேதமாகி, மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டார்கள்; கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. அந்த இடைவெளியை வாக்காளர் பேரேட்டை வைத்துத்தான் ஒட்டவேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பேரேட்டில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். 1911 வரை கலிபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டில்லை, ஆகவே பேரேட்டில் ஒரு பெண்ணும் இல்லை. சீனாவில் பிறந்தவர் குடியுரிமை பெற 1943 வரை வழியில்லை, ஆகவே அவர்களும் இல்லை. ஆனால் சான்போர்ன் படத்தில் ஓடைக்கரையோரம் மஞ்சள் கட்டங்களில் 'சீனர்' என்று எழுதியிருக்கும். 1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளிக்கு மாதம் 20 டாலர் வரி. பின்னால் குறைத்தார்கள், ஆனாலும் சீனர்களைத் துரத்தித் துரத்தி வாங்கினார்கள். அமடோர் கவுண்டியில் ஃபிடில்டவுன் என்று ஓர் ஊர். அங்கே மண்ணை இடித்துக் கட்டிய சுவரோடு ஒரு சீன மூலிகைக் கடை இன்றும் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிகளை விட்டுவிட்டு அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அதே கவுண்டியில் சாவ்சே என்னும் பாறை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மீவோக் மக்கள் ஓக் கொட்டைகளை இடித்த குழிகள் 1,185. 1848க்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்காமலே ஆரம்பிக்கும் மியூசியங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கப் போவதற்கு முன்பே அந்தப் பாறையைப் பார்த்துவிட்டால் நல்லது.

சான் ஆண்ட்ரியாஸ் ஊருக்கும் போங்கள், கொள்ளைக்காரன் பிளாக் பார்ட்டை அடைத்த ஜெயில் அங்கே மியூசியத்தோடு இருக்கிறது. 1883இல் ஆளைக் காட்டிக்கொடுத்தது அவன் தவறவிட்ட கைக்குட்டையில் இருந்த சலவைக்குறி. துப்பறிவாளர்கள் எஃப்.எக்ஸ்.ஓ.7 என்ற அந்தக் குறியோடு சான் பிரான்சிஸ்கோவின் சலவைக்கடைகளில் ஏறி இறங்கி ஆளைப் பிடித்தார்கள். என் மருமகளுக்கு ஜெயிலைவிட இந்தக் கதைதான் பிடித்தது.

கிளம்பும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி, பொருளின் எண்ணைத் தலைப்பில் போட்டு, கொடுத்துவிட்டு வாருங்கள். வாயால் சொன்னது அடுத்த தன்னார்வலர் வரைக்கும்கூடப் போகாது.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து மருமகள் போட்டோ அனுப்பினாள். புது அட்டை. 'நில அளவைச் சங்கிலி, 33 அடி, 50 கண்ணி'. பெட்டி மட்டும் மாறவில்லை. கோடரிக்கும் ரம்பத்துக்கும் நடுவிலேயே இருக்கிறது.