கல்லூரிப் பெண்கள் பேஸ்கட்பால் டீமுக்கு கோச் ஆக ஆசையா? முதலில் பஸ் நேரம் தெரிந்துகொள்ளுங்கள்

"மேடம், நானும் காலேஜ் கோச் ஆகணும், என்ன படிக்கணும்?" ஆடி முடித்துப் போகிற பெண்களில் வருடத்துக்கு ஒருத்தியாவது இதைக் கேட்கிறாள். கடலூரில் இந்த வேலையைப் பார்க்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். படிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் பேஸ்கட்பாலுக்கென்றே ஒரு கோச் பதவி இருப்பது அபூர்வம். உடற்கல்வி இயக்குநர், அதாவது நாம் பி.டி. மேடம் என்று கூப்பிடுகிறவர், கபடி, வாலிபால், ஓட்டம் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் பார்ப்பார். அந்த நிரந்தர வேலைக்கு ஒரு டிகிரி, பிறகு உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். என்று வரிசையாகப் போக வேண்டும். எம்.பி.எட்.டில் 55 சதவீதம், அதற்கு மேல் கல்லூரி வேலைக்கான தகுதித் தேர்வான நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. உடல்தகுதித் தேர்வும் உண்டு, 30 வயது வரை உள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் கடக்க வேண்டும், ஆடியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், இரண்டுமே பஸ் தூரம்தான். பஞ்சாபில் பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் ஒரு வருட கோச்சிங் டிப்ளமோ இருக்கிறது, ஆட்டத்தைக் கற்றுத்தருவதில் அது நல்ல படிப்பு, ஆனால் அதை மட்டும் கையில் வைத்திருந்தால் பெரும்பாலும் தொகுப்பூதிய வேலைதான் கிடைக்கும். அதனால் எம்.பி.எட்.டை விட்டுவிடாதீர்கள். படிக்கும்போதே காலையில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ புதுச்சேரி உப்பளம் ஸ்டேடியத்துக்கோ போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு டிரிபிளிங், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, சொல்லிக்கொடுங்கள், ஸ்கோர் ஷீட் எழுதப் பழகுங்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. இனிமேல்தான் விஷயமே. கல்லூரிக் கோச்சின் முதல் வேலை ஒரு பெண்ணை மூன்று வருடம் கோர்ட்டில் தக்கவைப்பது. தந்திரமெல்லாம் அப்புறம்.

என் முதல் வருடம், நவம்பரில், மாலை நான்கிலிருந்து ஆறரை வரை பிராக்டிஸ் வைத்தேன். ஆறு மணிக்கே இருட்டிவிடுகிற மாதம் அது. இரண்டாவது வாரம், ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டில் யாரும் தொட முடியாத ஒரு பெண் வராமல் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவள் அப்பா கேட்டருகே நின்றார். "டீச்சர், பொண்ணு வீட்டுக்கு வர எட்டரை ஆவுது, பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்குது." குறிஞ்சிப்பாடியைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர். எனக்கு அது தெரியவே தெரியாது, நான் கேட்டதே இல்லை. மறுநாளே பிராக்டிஸ் நேரத்தை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று மாற்றினேன், அதற்காகத் துறைத் தலைவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நின்றேன், அவள் திரும்பி வந்தாள். கோச்சாக நான் எடுத்த முடிவுகளில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

வெளியூர் மேட்சுக்கு முன்னால் வீட்டுக்குப் போங்கள். போனில் பேசினால் போதாது. யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எந்த ரயில், என்றைக்குத் திரும்புவார்கள் என்ற நான்கையும் உங்கள் நம்பரோடு ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். அப்பா சரி என்று தலையாட்டினாலும் பல வீடுகளில் முடிவு அம்மாவுடையது. "ஆடி என்ன ஆகப்போகுது" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி அது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லுங்கள், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குக் கேப்டனாக ஆடி 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரையைச் சொல்லுங்கள்.

அப்புறம் உடம்பு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. உங்கள் டீமிலும் இருக்கும். மூன்றாவது குவார்ட்டரில் கால் இழுக்கிற பெண்ணை சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள், பலமுறை பதில் "டீ" என்றுதான் வரும். வருட ஆரம்பத்திலேயே அரசு மருத்துவமனைக்கு மொத்த டீமையும் அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கைப் பற்றியும் நீங்களே முதலில் பேச்சை எடுங்கள், இல்லையென்றால் அவர்கள் தலைவலி என்று சொல்லி லீவு போடுவார்கள். முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், அதனால் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல், மடக்கி, மெதுவாக இறங்குவதை வார்ம்-அப்பிலேயே தினமும் பழக்குங்கள். நம் ஊரில் போட்டி சீசனும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். ஈர சிமெண்ட் கோர்ட்டில் ஒருநாளும் ஆடவிடாதீர்கள், வராண்டாவில் பாஸும் டிரிபிளிங்கும் போதும். கடல் காற்றில் ரிங் போல்ட் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை ஏணி போட்டுப் பாருங்கள், அப்படியே 3.05 மீட்டர் உயரம் சரியா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆட்டத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். முதல் வருடம் லே-அப் (ஓடிவந்து ரிங் பக்கத்தில் பந்தைப் போடுவது), இரண்டு கையாலும் பாஸ், நின்று திரும்புவது, மேன்-டு-மேன் (ஆளுக்கு ஒரு எதிராளியைத் தடுப்பது), இவ்வளவு போதும். ஆண்கள் பக்கம் கிடக்கிற 7ஆம் நம்பர் பந்தை வாங்கி ஆடாதீர்கள், பெண்களுக்கு 6ஆம் நம்பர்தான், போராடியாவது அதை வாங்குங்கள். ஜெர்சி துவைப்பது, வேன் பேசுவது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பாட் சம்மிட் என்ற பெண் 1974இல் 22 வயதில் பெண்கள் பேஸ்கட்பால் கோச் ஆனபோது ஜெர்சி துவைத்ததும் அவர்தான், வேன் ஓட்டியதும் அவர்தான். 38 வருடத்தில் அவர் டீம் 1098 மேட்ச் ஜெயித்தது, 8 முறை தேசிய சாம்பியன்.

டீம் எடுக்கும்போது பேஸ்கட்பால் ஆடினவர்களை மட்டும் தேடாதீர்கள், நம் மாவட்டத்தில் பல பள்ளிகளில் கோர்ட்டே கிடையாது. கோகோ, கபடி, த்ரோபால் ஆடிய பெண்களைக் கூப்பிடுங்கள், கால் வேகம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கும். அட்மிஷன் நடக்கிற நாட்களில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டில் ஐந்து பத்தி கோடு போடுங்கள்: பெயர், என்ன பாடம், எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அம்மா நம்பர். உயரத்தை அப்புறம் அளந்துகொள்ளலாம்.