பழைய நீச்சல் குளத் தளத்துக்குப் பேவர் கல்: எங்கே கோட்டை விடுகிறோம்

குளத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட் வெடித்து, சொரசொரவென்று காலைக் குத்த ஆரம்பித்ததும் நாம் செய்கிற முதல் வேலை, அதன் மேல் பதிக்கப் பேவர் கல் (தளம் பாவும் கல்) என்ன நிறத்தில் வாங்கலாம் என்று பார்ப்பது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சுத்தியலை எடுத்து தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கிற இடத்தில் கான்கிரீட் பிளந்திருக்கலாம், அல்லது அடிமண் இறங்கியிருக்கலாம். மயிரிழை விரிசல் பரவாயில்லை. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கி நிற்கும் விரிசல்தான் வில்லங்கம், அதன் மேல் எவ்வளவு உயர்ந்த கல்லைப் பதித்தாலும் அதே கோட்டில் கல்லும் இறங்கும்.

மண் ஏன் இறங்கியது? குளம் கசிகிறதோ என்னவோ. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, பம்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். வாளியைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் கல்லைத் தொடாதீர்கள்.

அடுத்து உயரம். கான்கிரீட் மேல் பதிக்கும் மெல்லிய பேவரே 25 முதல் 30 மி.மீ. வரும், அதோடு அடியில் போடும் கலவையோ மணலோ சேரும். ஸ்கிம்மர் (குளத்தில் மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் பெட்டி) மூடி பள்ளத்தில் போய்விடும், கேட் தரையில் உரசும், வீட்டு வாசற்படிக்குத் தளம் சமமாகி மழைத்தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும். இதெல்லாம் நூல் கட்டிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயம்.

வாட்டமும் அப்போதே முடிவாக வேண்டும்: குளத்தை விட்டு வெளிப்பக்கமாக, மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. சரிவு. பள்ளமான இடத்தில் கூடுதலாக மணலைக் கொட்டிச் சமன் செய்வது பலரும் செய்கிற குறுக்குவழி. மணல் படுகை எங்கும் ஒரே கனத்தில், சுமார் 25 மி.மீ. இருக்க வேண்டும், பள்ளத்தைக் கலவை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். கான்கிரீட் மேல் மணலில் பதிப்பதாக இருந்தால் இன்னொன்று: இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். தாழ்வான இடங்களில் கான்கிரீட்டைத் துளைத்து, துளையில் பொடிஜல்லி நிரப்பி, மணல் இறங்காதபடி வடிகட்டும் துணி விரித்து மூடுங்கள்.

குளத்து விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், அசிங்கமாகத் தெரிகிறதே என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனியாக அசைவதற்காக விட்ட இடம் அது. அடைத்தால் வெயிலில் விரியும் தளம் விளிம்புக் கல்லைத் தள்ளித் தூக்கிவிடும். ரப்பர் மாதிரி இழுபடும் சீலண்ட் (அடைப்புப் பசை)தான் அங்கே சரி.

கல் இடுக்கில் பாலிமர் மணல் (தண்ணீர் பட்டதும் இறுகிப் பிடிக்கும் மணல்) போடுவதென்றால், கல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்கும் முன் மேலே உள்ள தூசியைச் சுத்தமாக ஊதித் தள்ள வேண்டும். இல்லையென்றால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். வெளியோரத்தில் தடுப்பு வைக்க மறந்தால் கல் மெல்ல விலகும்.

சரி, இப்போது நிறம். அடர் நிறம் வெயிலில் சுடும், பளபளப்பு வழுக்கும். அவ்வளவுதான்.

அப்புறம், பழைய கான்கிரீட்டை இடித்தே ஆக வேண்டுமென்றால், அதற்குள் மின்பாதுகாப்புக்காகக் கம்பிகளையும் உலோகப் பாகங்களையும் இணைத்திருக்கும் ஒயர் இருக்கலாம். குளத்து வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை இடிக்கும் முன்பே கூப்பிடுங்கள். கல் பதித்த பிறகு கூப்பிட்டால், பதித்ததை மறுபடி பெயர்க்க வேண்டியிருக்கும்.