விளக்கை எரியவிட்டு வீட்டைப் பூட்டாதீர்கள்: வீட்டுப் பூஜையில் நடக்கும் சில தவறுகள்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே பூட்டிக்கொண்டு கிளம்பினேன். நல்லவேளை, பிளைவுட் கருகியதோடு போயிற்று. விளக்கை அணைப்பது அபசகுனமோ என்ற பயத்தில் அணைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, அதுதான் காரணம்.

அந்தப் பயமே தேவையில்லை. 'அணைப்பது' என்று சொல்லத்தான் நமக்குக் கூச்சம். 'குளிர வைப்பது', 'மலையேற்றுவது' என்று அதற்கு வேறு பெயரே வைத்திருக்கிறோம். வாயால் ஊதக் கூடாது என்பார்கள், அவ்வளவுதான். தூண்டுகுச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள், அல்லது பூவின் காம்பால் அழுத்துங்கள். சுடருக்கு மேல் தட்டு நெருக்கமாக உள்ள மாடத்தில் விளக்கை முன்னால் நகர்த்தி ஏற்றுவது நல்லது. பிளாஸ்டிக் மாலையும் ஜன்னல் திரையும் பக்கத்தில் வேண்டாம்.

சூடத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைப்பது இதைவிட ஆபத்து. பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பொங்கலில் போடும் பச்சைக் கற்பூரம் வேறு, ஆரத்திச் சூடம் வேறு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தீப எண்ணெய்ப் பாட்டிலையும் சமையல் எண்ணெய் வரிசையில் வைக்காதீர்கள். சமையலுக்கு அல்ல என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள்.

சாம்பிராணி போடும்போது ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் சாம்பிராணியே வேண்டாம், பூ போதும்.

பித்தளை விளக்கு பளிச்சென்று வர இரவு முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் துத்தநாகம் கரைந்து அங்கங்கே செம்பு நிறத் திட்டு விழும். புளியைத் தேய்த்து உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்தால் சரி.

அப்புறம், பழைய சாமி படங்கள். கண்ணாடி உடைந்ததும் அரசமரத்தடியில் சாத்திவிட்டு வருவது நமக்குக் கைவந்த கலை. மறுநாள் அங்கே யார் காலில் அது குத்துமோ! கண்ணாடியையும் சட்டத்தையும் பழைய சாமான் கடைக்குக் கொடுங்கள். தாள் படமாக இருந்தால் ஊறவைத்துக் கூழாக்கிச் செடியடி மண்ணில் புதைக்கலாம். லேமினேட் செய்தது கரையாது, ஆகவே வாங்கும்போதே யோசிக்க வேண்டும். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால் வீட்டு வாளியிலேயே கரைந்துவிடுவார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் அப்படிக் கரைவதில்லை.

கடைசியாக ஒன்று. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று 48 நாளுக்குப் பெரிய பூஜையாக ஆரம்பிப்போம். ஐந்தாம் நாள் விட்டுப்போகும், ஆறாம் நாளிலிருந்து 'சாமி குத்தமோ' என்று குமைவோம். தினமும் முடிகிற இரண்டு நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த 48 நாளின் வேலையும் பெரும்பாலும் அம்மாக்கள் தலையில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் வியாழன் சாயங்காலம் விளக்கு தேய்ப்பது இப்போது என் வேலை.