வெங்காயத் தோலில் பிளாஸ்மா சிதைவு தெளிவாகத் தெரிய

உப்புக் கரைசலில் செல் நீரை இழந்து, அதன் உள்ளடக்கம் சுருங்கிச் செல் சுவரை விட்டு விலகுவதுதான் பிளாஸ்மா சிதைவு. இதைப் பார்க்கச் சிவப்பு வெங்காயச் செதிலின் (சதைப்பற்றுள்ள அடுக்கின்) வெளிப்பக்கத் தோலை மட்டும் உரியுங்கள். உள்பக்கத் தோல் சுலபமாக வரும், ஆனால் நிறமிருக்காது. நிறமில்லாமல் செல் சுருங்குவதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 5 மி.மீ. துண்டு போதும். உரித்த கையோடு ஸ்லைடில் நீர்த்துளியில் போட்டுவிடுங்கள், காய்ந்தால் மடிந்துகொள்ளும். கவர் சிலிப்பைச் சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக் குமிழி வராது.

நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்த்துவிட்டு, 100 மி.லி. நீரில் 5 கிராம் உப்பு கரைத்த கரைசலை ஓர் ஓரத்தில் 2 சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகும், முதலில் மூலைகளில். செல் சுவருக்கு உள்ளே இருக்கும் மெல்லிய செல் சவ்வு நீரை எளிதில் வெளியே விடுகிறது, உப்பை அவ்வளவு எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனால்தான் இந்தச் சுருக்கம்.

சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே தெரிவது வெற்றிடம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே இருப்பது உப்புக் கரைசல். செல் சுவர் அதைத் தடுக்காது.

இதே முறையில் வெறும் நீரைச் செலுத்தினால் செல் பழையபடி நிரம்பும். நிரம்பவில்லையா? கரைசல் மிக அடர்த்தியாக இருந்திருக்கும், அல்லது அதிகநேரம் விட்டிருப்பீர்கள், செல் இறந்துவிட்டது. புதுத் தோலில் தொடங்குங்கள்.