இடிபட்ட கார் திரும்பி வந்ததும் ஸ்டியரிங் தளர்வா?

பேனல்பீட்டரிடமிருந்து (இடிபட்ட தகடுகளைத் தட்டிச் சரிசெய்பவர்) கார் பளபளப்பாக வந்துவிடும். ஆனால் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறும்போது வண்டி தானாக அலைகிறதா? உடனே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்யக் கொடுக்காதீர்கள். தேய்ந்த இணைப்பை அலைன்மென்ட் சரிசெய்யாது.

முதலில் டயர் காற்று. அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசையுங்கள். சக்கரம் திரும்பத் தொடங்குமுன் கை எவ்வளவு வெறுமனே நகர்கிறது என்று பாருங்கள். அப்படி நகர்ந்தால், ஒருவர் அசைக்க, இன்னொருவர் வெளியிலிருந்து டார்ச் அடித்து டை ராடு முனைகளையும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டுகள்) ஸ்டியரிங் ரேக்கையும் (ஸ்டியரிங் சுழற்சியை அந்தக் கம்பிகளுக்குப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பாகம்) கவனிக்கட்டும். (காருக்கு அடியில் மட்டும் யாரும் படுக்க வேண்டாம்.) ரேக்கின் வெளிக்கூடே பக்கவாட்டில் நகர்ந்தால், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டோ புஷ்ஷோ (ரப்பர் வளையம்) சரியில்லை. ஸ்டியரிங் தண்டின் இணைப்பு போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கழன்றால் ஆபத்து; ஆட்டம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி அலைகிறதா? சப்ஃப்ரேம் (சக்கர இணைப்புகளைத் தாங்கும் அடிச்சட்டம்) இடம் மாறியிருக்கலாம். அலைன்மென்ட் அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரியாக இருந்தும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) இரு பக்கமும் வெகுவாக வேறுபட்டால், காரின் சட்டகத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்’ என்பவரிடம் மறுபடி காரை விடாதீர்கள்.